மூன்று முள்ளும் ஒரு கண்ணாடிப் போத்தலும்

எனக்கு அன்றைக்கு அலுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாக்கு என்பீர்கள். சாக்குத்தான், ஆனால் முன்கூட்டியே சொன்ன சாக்குக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

எண்பதுகளின் கடைசி. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ரவாங்கில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். செம்பனைக் குலையிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலைகளுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கிற கம்பெனி. பெட்டியையும் திரையையும் வெளியில் வாங்கி, உள்ளே ஓடுகிற நிரல்களை நாங்கள் எழுதி, ஆலையின் எடைமேடையோடு இணைத்துக் கொடுப்போம். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி நின்றால் எடை திரையில் வரும். கணக்கெழுதுகிற ஆலைக் கிராணி ஒரு பொத்தானைத் தட்டினால் பதிவாகிவிடும். என் வேலை சரிபார்ப்பது. மற்றவர்கள் நிரலில் செய்த மாற்றத்தை வரிவரியாகப் படித்து, தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழே கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து விழாமல் எந்த மாற்றமும் ஆலைக்குப் போகாது. இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது, "அடுத்தவன் எழுதுனத படிச்சு கொற சொல்றதுக்குச் சம்பளமா? நம்ம லயத்துல எல்லாரும் சும்மாவே செஞ்சாங்களே" என்றாள்.

அப்போது நாங்கள் கலும்பாங்கில் இருந்தோம். அப்பா தோட்ட வேலையிலிருந்து நின்றதும் தோட்டம் கொடுத்திருந்த வரிசை வீட்டை, அந்த லயத்தை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து வந்து சேர்ந்த சின்ன வீடு அது. காலை ஐந்தரைக்கு வாசலைத் தாண்டினால் இரண்டு பஸ் மாறி ரவாங் போய்ச் சேர மணி எட்டாகிவிடும். சாயங்காலம் அதே கூத்து மறுபடியும். உட்கார இடம் கிடைத்த நாள் நல்ல நாள். அங்கே வேலை பார்த்த இரண்டு வருடமும் என் உடம்பிலிருந்து பஸ் புகை வாடை போகவே இல்லை என்பது என் எண்ணம்.

அன்றைக்கு என் மேசைக்கு வந்த மாற்றம் திரையைப் பற்றியது. கணினியைப் போட்டதும் முதலில் ஏறி உட்கார்ந்து, அணைக்கும்வரை இறங்காத நிரல் ஒன்று உண்டு. அதைக் கெர்னல் என்போம். அதற்குள்ளே திரைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சின்ன நிரல்கள் இருக்கும். அவைதான் டிரைவர்கள். எங்கள் திரை டிரைவருக்கு அதுவரை கண் கிடையாது. அந்தப் பக்கம் என்ன திரை இருக்கிறது என்று பார்க்காது. எல்லாமே கலர் திரை என்று நினைத்துக்கொண்டு நீலத்திலும் சிவப்பிலும் எழுதித் தள்ளும். சில ஆலைகளில் கறுப்பு வெள்ளைத் திரை வைத்திருந்தார்கள். அதில் நீல எழுத்து மங்கிப்போய் ஒன்றும் தெரியாது. புகார் மேல் புகார்.

திரையின் கேபிள் முனையில் பதினைந்து முள் உண்டு. அதில் மூன்று முள் படத்துக்கானவை அல்ல. திரை தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதற்கு. எந்த முள் இணைப்பில் இருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று படித்தால் கலரா, கறுப்பு வெள்ளையா என்று தெரிந்துவிடும். புதிய டிரைவர், கணினி எழும்போது ஒரே ஒரு தடவை அந்த மூன்று முள்ளையும் படிக்கும். படித்து அதற்குத் தகுந்தபடி எழுதும். மூன்றும் சும்மா இருந்தால் திரையே மாட்டவில்லை என்று பொருள். அப்போது படம் அனுப்புவதையே நிறுத்திவிடும்.

எழுதியவன் கோலாலம்பூர்க்காரன், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், கெட்டிக்காரன். என்னை அக்கா என்பான், ஆனால் என் சிவப்புப் பேனாவைக் கண்டால் அவனுக்குப் பிடிக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம் பார்த்துப் பத்தொன்பது பக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இன்னைக்கே முடிச்சுக் குடுங்கக்கா. நாளைக்கு வேன் அசாம் ஜாவா பக்கம் போகுது. டிஸ்க்க குடுத்து அனுப்பணும்."

"நேத்து குடுக்க வேண்டியதுதானே?"

"நேத்து முடியல லா."

படித்தேன். ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. கடிகாரத்தில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாகப் படித்தேன். பதினொரு இடத்தில் வட்டம் போட்டேன். ஒரு இடத்தில் முள்ளைப் படிக்கும் முன்பு கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவன் காத்திருக்கவில்லை. ஒரு இடத்தில் எண் தப்பு. மிச்சமெல்லாம் சில்லறை. பதினாறாம் பக்கத்தில் அந்த வரிகள் வந்தன: மூன்று முள்ளும் சும்மா இருந்தால் திரையை நிறுத்து. பேனா அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. ஏன் நின்றது என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. திரையே இல்லை என்றால் யாருக்குக் காட்டுவது, சரிதானே என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் இடம்கூடக் கிடைத்தது.

எறும்பு போகிற ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டு யானை போகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அசாம் ஜாவா பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து பிராது வந்தது. சில நாள் காலையில் திரை கறுப்பாகவே கிடக்கிறது, சில நாள் ஒழுங்காக வருகிறது. வராத நாளில் லோரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கின்றன. எங்கள் டெக்னீஷியன் போய்ப் பார்த்தார். அவர் எல்லா வயரையும் மாட்டிவிட்டுக் கணினியைப் போட்டார், திரை அழகாக வந்தது. திரும்பி வந்துவிட்டார். மறுபடியும் பிராது வந்தது. மறுபடியும் போனார், மறுபடியும் வந்தது படம். மூன்றாவது தடவை போவதற்குள் அங்கே காரியம் கெட்டுவிட்டது. கறுத்துப்போன திரையைப் பார்த்துப் பயந்து, அந்த ஆலையின் எடைக் கிராணி கணினியை அது முழுதாக எழும் முன்பே பட்டென்று அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். டிஸ்க் கெட்டு, அதற்கு முந்தின நாள் பதிவு முழுவதும் போய்விட்டது.

டெக்னீஷியன் எழுதிய அறிக்கை என் மேசைக்கும் வந்தது. அதில் இருந்த விஷயம் இதுதான். வானம் இருட்டியிருக்கிற நாளில் அந்தக் கிராணி சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் திரையின் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி, அதன் முனையைக் காலி ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டு வைக்கிறார். ஏன் என்று கேட்டால் இடி என்கிறார். அடிக்கடி கழற்றி மாட்டியதால் முள் கெட்டிருக்கலாம். கோளாறு கம்பெனியின் பொருளில் இல்லை, கையாளத் தெரியாதவரின் கையில் இருக்கிறது. அறிக்கை ஆபீஸ் முழுக்கச் சுற்றியது. போத்தல் என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கோலாலம்பூர்க்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"ஊறுகா போத்தல்க்கா. கம்ப்யூட்டர ஊறப் போட்டிருக்கான்."

நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தப் போத்தல் எங்கள் வீட்டிலும் இருந்தது. தோட்டத்தில் இருந்த காலத்தில், மதியத்துக்கு மேல் வானம் இருட்டினால் லயம் முழுக்க ஒரே குரல்தான்: "வயர புடுங்கு." கூரை மேல் நிற்கிற ஏரியல் கம்பியில் இடி இறங்கினால் டிவி பெட்டி போய்விடும். பக்கத்து லயத்தில் ஒரு வீட்டில் போயிருக்கிறது. அதனால் ஏரியல் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, முனையைக் கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு மூலையில் வைப்பார்கள். கண்ணாடிக்குள் இருந்தால் இடி வெளியே வராது என்பது எங்கள் விஞ்ஞானம். அது சரியோ தப்போ, கலும்பாங் வீட்டிலும் அம்மா அதையே செய்தாள்.

அறிக்கை வந்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அப்போதுதான் மழை விட்டிருந்தது. அம்மா டிவியைப் போட்டாள். திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன. பிறகு மெதுவாகப் போத்தலிலிருந்து வயரை எடுத்துத் துடைத்துப் பெட்டியின் பின்னால் சொருகினாள். படம் வந்தது.

"ஏம்மா பொட்டிய மொதல்ல போடுற? வயர சொருகிட்டு அப்பறம் போடலாம்ல?"

"எப்பவும் அப்படித்தானே? பொட்டி ஓடுறப்ப சொருகுனாத்தான் படம் வர்றது தெரியும். வயரு சரியா ஒக்காந்துச்சான்னு தெரியும்."

 செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். அந்தக் கிராணியும் இதைத்தான் செய்திருக்கிறார். காலையில் வந்ததும் கணினியைப் போடுவார். அது எழ எப்படியும் கால்மணி நேரம் ஆகும். அது எழுந்தபிறகு நிதானமாகப் போத்தலிலிருந்து கேபிளை எடுத்து மாட்டுவார், படம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே. பழைய டிரைவருக்குக் கண் இல்லாததால் அதற்குக் கவலை இல்லை. எப்போது மாட்டினாலும் படம் தெரியும். புது டிரைவரோ எழும்போதே மூன்று முள்ளையும் தேடியது. முள் ஊறுகாய்ப் போத்தலில் இருந்தது. திரை இல்லை என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொண்டது. பிறகு அவர் எத்தனை தரம் மாட்டினாலும் அது திரும்பிப் பார்க்காது. மழை இருட்டு இல்லாத நாளில் அவர் கேபிளைக் கழற்றுவதில்லை, அதனால் அன்றைக்குத் திரை வந்தது. அவ்வளவுதான் சங்கதி. என் பேனா பதினாறாம் பக்கத்தில் நின்றது எதற்கு என்றும் அப்போது தெரிந்துவிட்டது. அந்த ஆபீஸில் லயத்தில் வளர்ந்த ஆள் நான் ஒருத்திதான். இது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளும் நான்தான்.

மறுநாளே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அந்த வாரம் வேறு நான்கு மாற்றங்கள் மேசையில் குவிந்திருந்தன. சொன்னால் அறிக்கையைத் திருப்பி எழுத வேண்டும், என் கையெழுத்தைத் தோண்டி எடுப்பார்கள். பயம் பாதி, அலுப்பு பாதி. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒன்பது நாள் ஓட்டினேன்.

பத்தாம் நாள் டெக்னீஷியன் தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கிராணிக்கு ஆலை கடிதம் கொடுத்துவிட்டதாம். எங்கள் அறிக்கையை இணைத்து, இரண்டு வாரத்தில் காரணம் சொல், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று. வேலை போனால் ஆலைக் குடியிருப்பில் வீடும் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறாராம். டெக்னீஷியன் அதைச் சொல்லிவிட்டு ரொட்டியைத் தேநீரில் தோய்த்தார். எனக்கு எங்கள் லயத்துச் சாமான்களை லோரியில் ஏற்றிய நாள் நினைவுக்கு வந்தது. அம்மியை யார் தூக்குவது என்று அன்றைக்குச் சண்டை நடந்தது.

நேராக மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், கத்தவில்லை. திரை இல்லை என்று தெரிந்தாலும் படத்தை நிறுத்தாமல் பழையபடி அனுப்பும்படி அந்த வரியை மாற்றிவிடு, டிஸ்க்கைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வா, ஆனால் அறிக்கையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். திரை ஒழுங்காக வந்தால் ஆலைக்காரர்கள் தாங்களே மறந்துவிடுவார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டுவது எனக்குப் பழக்கம்.

கோலாலம்பூர்க்காரனிடம் சொன்னபோது அவன் பதினாறாம் பக்கத்தைத் தேடி எடுத்தான்.

"இப்படிச் செய்வாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இரண்டு வரி மாற்றம். அவன் எழுத ஐந்து நிமிடம் ஆனது. நான் பத்தொன்பது பக்கத்தையும் முதலிலிருந்து படிக்க ஒரு நாள் ஆனது. பிறகு ஆபீஸ் கணினியின் திரைக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நானே சோதித்தேன். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை.

ஈஜோக் வழியாக வேனில் போனேன். செம்பனை வரிசைக்கு நடுவே தூங்கித் தூங்கி விழித்ததுதான் நினைவிருக்கிறது. ஆலை வாசலில் இறங்கியதும் அவிந்த குலையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. எடை ஆபீஸ் ஒரு ஜன்னல் வைத்த சின்ன அறை. கிராணிக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். நான் ரவாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா. என்னால ஒங்களுக்கெல்லாம் சிரமம்."

அந்த ஒரு வார்த்தை போதும், நான் அங்கேயே செத்திருக்கலாம். போத்தலை மேசையில் காணோம். கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போது இடி இடித்தாலும் கேபிளைத் தொடுவதில்லை, கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். ஒவ்வொரு மழைக்கும் வீட்டிலிருந்து ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கணினி தீப்பிடித்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாராம்.

டிஸ்க்கை ஏற்றினேன். ஏற்றி முடித்து, மேலாளர் சொன்னபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்காக எழுந்தேன். ஆனால் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. பொட்டிய போட்டுட்டு அப்பறம் வயர மாட்டுனா திரை வரக்கூடாதுன்னு நாங்கதான் மாத்திட்டோம். தெரியாம மாத்திட்டோம். அத படிச்சுப் பாத்து சரின்னு கையெழுத்து போட்டது நான்தான்."

 மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்ப தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"பன்னண்டு நாளாச்சு."

"பன்னண்டு நாளு." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு லெட்டர் வந்து பதினோரு நாளு ஆகுதும்மா. என் பொண்டாட்டி சாமானெல்லாம் கட்டி வச்சிட்டா. எங்க போறதுன்னு தெரியாம கட்டி வச்சிருக்கா. என் கையிதான் பொட்டிய கெடுக்குதுன்னு நானே நம்பிட்டேன்.  நீங்க தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கீங்க."

"அலுப்பா இருந்துச்சுண்ணே."  சொன்னது உண்மைதான்.

"எனக்கும் அலுப்புத்தான்" என்றார்.

பிறகு எழுந்து, சோதித்துக் காட்டச் சொன்னார். கேபிளைக் கழற்றினேன். அவர் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு ஊறுகாய்ப் போத்தலை எடுத்தார். தூக்கிப் போடவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தார். கேபிள் முனையை அதற்குள் போட்டு, கணினியை முறையாக அணைத்துவிட்டுப் போட்டோம். கால்மணி நேரம் கழித்து அவரே போத்தலிலிருந்து எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். எழுத்து வந்தது. மறுபடியும் என்றார். மறுபடியும் செய்தோம். மூன்றாவது தடவையும் செய்தோம். வெளியே இரண்டு லோரி ஹாரன் அடித்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத எழுதிக் குடுங்க. மேனேஜர்கிட்ட வாயால சொன்னா நிக்காது."

கம்பெனித் தாள் என்னிடம் இருந்தது. எழுதினேன். திரை வராததற்கு எங்கள் நிரல் மாற்றமே காரணம், இந்தக் கிராணியின் கையாளுதல் காரணமல்ல, முன்பு கொடுத்த அறிக்கை தவறு. கீழே, சரிபார்த்தவர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். ரவாங்கில் இதற்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்தேதான் போட்டேன். மணி நாலரை ஆகியிருந்தது, வேன்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். கை தானாகவே வேகமாகக் கையெழுத்தைக் கிறுக்கியது, எப்போதும் கிறுக்குவதுபோல.

அவர் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவர், முதல் தடவையாக ஒருமையில் கேட்டார்.

"இதையாச்சும் படிச்சுப் பாத்துட்டுப் போட்டியாம்மா?"

நான் தாளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினேன். வேன்காரரைப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன்.